ஓஸ்லோவில் பெண் பார்க்கும் படலம்

நார்வே ராஜா வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல, நானே போய்ப் பார்த்தேன். ஒரு மேட்டின் மேல் வெளிர்மஞ்சளாக அரண்மனை, அதைச் சுற்றிப் பெரிய பூங்கா, பூங்கா முழுக்கத் துண்டை விரித்து ஜனங்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். உடம்பில் துணி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராஜா காலையில் ஜன்னலைத் திறந்தால் இதுதான் காட்சி. வாசலில் தொப்பியில் குஞ்சம் வைத்த ஒரு சிப்பாய், கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்தவன் மாதிரி முகம், துப்பாக்கியோடு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தான். திருச்சியில் எங்கள் வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் இதைவிடக் காவல் அதிகம். இரண்டு நாய் வேறு.

"கேட்டே இல்லையேடா, யார் வேணா உள்ள போலாமா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"கதவு வரைக்கும் போலாம். அதுக்கு மேல இங்க யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க."

அண்ணன் சரவணன் ஓஸ்லோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். "இங்க யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க" என்பதை அவன் ஏதோ தேசிய கீதம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். சிக்னலில் யாரும் முந்த மாட்டார்கள். டிக்கெட் பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் டிக்கெட் இல்லாமல் ஏற மாட்டார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் ஹோட்டல் வாசலில் தூங்கவிட்டுவிட்டு அப்பா அம்மா உள்ளே காபி குடிப்பார்கள், யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். நம் ஊரில் செருப்பையே விட முடியாது.

ஆர்க்கிடெக்சர் படித்து முடித்த பெண், ஐரோப்பியக் கட்டடங்களைப் பார்க்கப் போகிறாள் என்றுதான் ஊரில் எல்லாரிடமும் சொல்லியிருந்தோம். உண்மையில் நான் ஒற்றன். அண்ணன் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினான். பெயர் ஆரணி. அப்பா அம்மா யாழ்ப்பாணத்துக்காரர்கள், பெண் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஓஸ்லோவில். அம்மாவுக்குக் காதல் கல்யாணத்தில் பெரிய ஆட்சேபம் ஒன்றும் இல்லை. "ஆனா நமக்குத் தெரியாத குடும்பம்டி. தமிழ்தான், ஆனா வேற தமிழ்" என்றாள். இதற்கு நடுவில் பெரியப்பா கரூரிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்களாம்.

அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அவன் கண்ணுக்கு இப்ப எல்லாம் அழகாத்தான் தெரியும். நீதான் எதைப் பார்த்தாலும் நொட்டை சொல்றவ. நீ போய்ப் பாரு. நீ சரின்னா சரி. இல்லன்னா கரூர்."

நொட்டை சொல்வதற்காக ஒருவரை விமானத்தில் ஏற்றி அனுப்புவார்கள் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால், படிப்பில் இவ்வளவு சிரத்தை காட்டியிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆப்பரா மாளிகைக்குப் போனோம். ஐந்து வருஷப் படிப்பில் கூரை என்பது மழைக்கும் வெயிலுக்கும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஓஸ்லோவில் கூரை என்பது நடைபாதை. கடல் தண்ணீருக்குள்ளிருந்தே வெள்ளைச் சலவைக்கல் சரிவாக ஏறி ஏறிக் கட்டடத்தின் உச்சி வரை போகிறது. ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு ஜனங்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், படுக்கிறார்கள். உள்ளே யாரோ பாடிக்கொண்டிருப்பார்களாம், இவர்கள் அவர்கள் தலை மேல். நம் ஊரில் இப்படி ஒன்று கட்டியிருந்தால் முதல் வாரமே அதில் வடாம் காயப் போட்டிருப்போம்.

பரவசத்தில் பார்த்துக்கொண்டே நடந்ததில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கீழே விழுந்து யாருமே சிரிக்காதது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மிகவும் அவமானமாக இருந்தது.

அப்போது அண்ணனுக்குப் போன் வந்தது. "ஓம்... ஓம்... நாளைக்கு வாறன்" என்றான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவனை அண்ணாந்து பார்த்தேன். திருச்சி தில்லைநகர்க்காரன், ஆமாம் என்பதற்கு ஓம் என்கிறான்! வெட்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் ஃப்ரொக்னர் பூங்காவில் ஆரணி வீட்டாரோடு பிக்னிக், அதற்கான ஏற்பாடு.

சனிக்கிழமை எழுந்தபோது அண்ணன் இல்லை, வழி எழுதிய ஒரு சீட்டுதான் இருந்தது. இந்த ஊரில் ஜூன் மாதச் சூரியனுக்கு வீடு வாசல் கிடையாது. எப்போது கண்ணை விழித்தாலும் வெளிச்சம், அதனால் எது காலை என்று தெரியாமல் தூங்கிவிட்டேன். ஆரணியின் அப்பா காரில் வந்து அவனை அழைத்துக்கொண்டு போய்விட்டாராம், பூங்காவில் இடம் பிடிக்க. வெயில் அடிக்கும் சனிக்கிழமை என்றால் ஓஸ்லோ மொத்தமும் புல்தரையில்தான் இருக்கும். நல்ல இடம் வேண்டுமென்றால் முன்னாடியே போய்ப் பாயை விரிக்க வேண்டும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இதில் ஒரு சிரமமும் இருந்திருக்காது.

சாப்பாட்டு மேசையில் ரொட்டியும் பழுப்பு நிறத்தில் ஒரு சீஸும் வைத்துவிட்டுப் போயிருந்தான். பார்த்தால் வெல்லக்கட்டி. கடித்தால், யாரோ பால்கோவாவில் தவறுதலாக உப்பைப் போட்டுவிட்டு, பிறகு அதையே தேசிய உணவாக அறிவித்துவிட்ட மாதிரி. இரண்டு துண்டு சாப்பிட்டேன். மூன்றாவதில் பிடித்துப்போனது, அதுதான் கவலை.

அண்ணன் குடியிருக்கும் லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஓஸ்லோவுக்கு ரயில். பெட்டி நிறைய ஜனம், ஒரு சத்தம் இல்லை. யாராவது இறந்துவிட்டார்களோ என்று சுற்றிப் பார்த்தேன். ஒருவர் நாயோடு ஏறினார். அதுவும் பேசவில்லை. என் பக்கத்து இருக்கை காலி, இருந்தும் மூன்று பேர் நின்றுகொண்டு வந்தார்கள். காலையில் பல் தேய்த்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மத்திய ரயில் நிலையத்துக்கு வெளியே பன்னிரண்டாம் நம்பர் ட்ராமைப் பிடிக்க வேண்டும். பிடித்தேன், எதிர்த்திசையில் போவதை. பாதியில் இறங்கி, தெருவைக் கடந்து, மறுபடி பன்னிரண்டு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, துறைமுகம், படகுகள், எதிரே கோட்டை என்று வாயைப் பிளந்துகொண்டு வந்தபோது அம்மா வீடியோ காலில் வந்தாள்.

"எங்கடி இருக்க? சத்தமே வரலையே, சத்தமாப் பேசு!"

"ட்ராம்ல இருக்கேம்மா. இங்க யாரும் வாயே திறக்க மாட்டாங்க." பிறகு என் வாழ்க்கையிலேயே ஆகச் சிறந்த முட்டாள்தனமான வாக்கியத்தைச் சொன்னேன். "பரவால்ல, நீ பேசு. யாருக்கும் தமிழ் புரியாது."

"பொண்ணைப் பார்த்தியா?"

"இனிமேதான். குடும்பத்தோட வராங்க."

"அவங்க அம்மா எப்படியாம்?"

"எப்படி இருப்பாங்க? பார்க்குக்குப் பட்டுப்புடவை கட்டிட்டு, கழுத்து நிறைய போட்டுட்டு வந்து, நாலடுக்கு கேரியரைத் திறப்பாங்க. எல்லாத்துலயும் தேங்காய்ப்பால் ஊத்தியிருக்கும். டீயில ஊத்தலைன்னா நம்ம அதிர்ஷ்டம். பொண்ணு பேரு ஆரணின்னா அம்மா பேரு காஞ்சிபுரமா இருக்கும் பாரு."

அம்மா சிரித்தாள். அம்மா சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"உன் பையன் சுத்தமா மாறிட்டாம்மா. ஆமான்னு சொல்ல மாட்டேங்கறான், ஓம்ங்கறான். பக்கத்துல ஒரு குண்டத்தை வெச்சா ஹோமம்தான்."

"சரிடி, கரூர்க்காரங்க நாளைக்குள்ள பதில் கேக்கறாங்க. அந்தப் பொண்ணுக்குக் கரூர் விஷயம் தெரியுமா?"

"தெரியாது. அண்ணன் மூச்சே விடலை. நீ கவலைப்படாதே. ஒத்து வரலைன்னா நாசூக்காக் கழட்டிவிட்டுடலாம். அந்த வேலையை என்கிட்ட விடு."

போனை வைத்தேன். ட்ராம் நிற்கப்போனது. பின்சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மழைக்கோட்டு, இளஞ்சிவப்பில் ஓட்டப்பந்தய ஷூ, முதுகில் மலையேறுகிறவர்கள் போடுகிற பெரிய பை, பையின் பக்கவாட்டில் ஒரு ஃப்ளாஸ்க். ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரி என்று ஏறும்போதே நினைத்து, மேற்கொண்டு பார்க்காமல் விட்ட பெண்மணி.

"பிள்ளை, இதுதான் இறங்கிற இடம்" என்றார். சொல்லிவிட்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் பூங்கா வாசலுக்குள் போய்விட்டார்.

அப்படியே ட்ராமில் உட்கார்ந்து திருச்சி வரை போய்விடலாமா என்று யோசித்தேன். கதவு மூடப்போனதால் வேறு வழியில்லாமல் குதித்தேன்.

ஓஸ்லோவில் எத்தனையோ தமிழர்கள் இருப்பார்கள், அவர் யாரோ, நான் யாரோ என்று மனதைத் தேற்றிக்கொண்டு பூங்காவுக்குள் நுழைந்தேன். அங்கே பார்க்கிற இடமெல்லாம் சிலை, ஒரு சிலைக்கும் துணி இல்லை. பாலத்தின் இரண்டு பக்கமும் வெண்கலத்தில் அம்மணமான அப்பாக்கள், அம்மாக்கள், தாத்தாக்கள். ஒரு ஆள் மேல் நாலு கைக்குழந்தைகள் பாய்கின்றன, அவன் கையையும் காலையும் உதறி அவற்றை எறிந்துகொண்டிருக்கிறான். கோடை விடுமுறையில் எங்கள் மாமா முகம் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் தள்ளி, கால் உதைத்து அழும் ஒரு சின்னப் பையன். வருகிறவர் எல்லாரும் அவன் கையைத் தொட்டுத் தொட்டு அது மட்டும் பளபளவென்று தங்க நிறமாகிவிட்டது. நானும் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டேன். வேண்டுதல் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது.

பலிக்கவில்லை. மரத்தடியில் அண்ணன் கையசைத்தான். அவன் பக்கத்தில் ஒரு பெரியவர் அலுமினியத் தட்டு மாதிரி ஒரு அடுப்பில் கோழியைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு தடவை எரித்துவிட்டு எறிந்துவிடுகிற அடுப்பாம், புல்தரை முழுக்க அதுதான் புகைந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் பாயில் அந்தத் தொப்பி, அந்த இளஞ்சிவப்பு ஷூ.

"இதுதான் என்ரை அம்மா" என்றாள் பாயிலிருந்து எழுந்து வந்த ஆரணி.

"ஓ, இவதானே தங்கச்சி" என்றார் அண்ணன் 'ரஞ்சி அன்ரி' என்று கூப்பிடும் அந்த ஆன்ட்டி, என்னை முன்பின் பார்த்தே இராதவர் போல. "படத்திலை பார்த்ததை விட வடிவு. வாரும் பிள்ளை, இரும். ட்ராமிலையே வந்தனீர்? கஷ்டமில்லையே? பாஷை தெரியாத சனத்துக்கு நடுவிலை."

"இல்லைங்க ஆன்ட்டி" என்று மட்டும் வந்தது.

அன்ரி ஃப்ளாஸ்க்கைத் திறந்தார். மற்ற குடும்பங்கள் எல்லாம் ஃப்ளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்த அந்தப் பூங்காவில், எங்கள் ஃப்ளாஸ்க்கிலிருந்து சூடாகச் சொதி வந்தது. மஞ்சள் நிறம், கறிவேப்பிலை மிதந்தது. இடியாப்பத்தின் மேல் விட்டுத் தட்டை என்னிடம் நீட்டினார்.

"தேங்காய்ப்பால் கொஞ்சமாத்தான் விட்டனான். உங்களுக்கு ஒத்து வருமோ தெரியாது."

சாப்பிட்டேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும்: நான் அதுவரை சாப்பிட்ட ரசமெல்லாம் எதற்கு என்று தோன்றியது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். மூன்றாம் முறை கேட்காமலே விழுந்தது.

"அப்பா, கோழி கருகுது" என்றாள் ஆரணி.

"இல்லையம்மா, இது நிறம்" என்றார் அவர். அந்த மதியம் முழுக்க அவர் பேசியது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அன்ரி பையிலிருந்து இன்னொரு ஃப்ளாஸ்க்கை எடுத்து, பிளாஸ்டிக் கப்பில் தேநீர் ஊற்றி என்னிடம் கொடுத்தார். "பயப்பிடாதேயும், வெறும் பசும்பால்தான்" என்றார். பிறகு ஒன்றும் நடக்காதது போல அண்ணன் பக்கம் திரும்பினார். "சரவணன், கரூர் எண்டு ஒரு ஊர் இருக்கோ? உங்கடை ஊருக்குக் கிட்டவோ?"

அண்ணன் கையிலிருந்த கோழிக்கால் புல்லில் விழுந்தது. "திருச்சி... பக்கம்தான் அன்ரி. ஏன்?"

"சும்மா. பேர் நல்லாயிருக்கு."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஒரு சிலையைப் பார்த்தேன். அந்தச் சிலையும் சங்கடமாகத்தான் நின்றுகொண்டிருந்தது.

என்னைக் காப்பாற்றியது ஆரணி. "வாங்கோ, உங்களுக்கு மேலை இருக்கிறதைக் காட்டுறன்" என்று இழுத்துக்கொண்டு போனாள். பூங்காவின் உச்சியில் ஒற்றைக் கல்லில் செதுக்கிய ஒரு பெரிய தூண். அடியிலிருந்து நுனி வரை மனித உடம்புகள், ஒன்றின் மேல் ஒன்று, பிதுங்கி, முண்டியடித்து. வழிகாட்டி ஒருவர் ஒரு கூட்டத்துக்கு மனித ஆன்மா மேல்நோக்கி ஏங்குவது பற்றி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்.

"சின்னனிலை பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு வந்தவை. என்ன தெரியுது எண்டு டீச்சர் கேட்டா. நான் அதுக்கு முதல் லீவுக்குத்தான் யாழ்ப்பாணம் போட்டு வந்தனான். இது பருத்தித்துறை மினிபஸ் எண்டு சொன்னன்."

நான் தூணை அண்ணாந்து பார்த்தேன். "இல்லைங்க. இது சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல காலையில கிளம்பற டவுன் பஸ். அதோ, மேல தொங்கறாரே, அவருதான் கண்டக்டர்."

"அவர் டிக்கெட் எடுக்கேல்லை, அதுதான் தொங்கிறார்" என்றாள் ஆரணி.

வழிகாட்டியின் கூட்டம் எங்களைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். அதன் பிறகு அவள் வாய் ஓயவில்லை. நார்வேக்காரர்கள் வெயிலைக் கண்டால் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்வது, அண்ணன் பனிச்சறுக்குக் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு நாய்மேல் போய் மோதி அந்த நாயிடம் மன்னிப்புக் கேட்டது, நகராட்சியில் குழாய்ப் பொறியாளராக இருக்கும் அவளை அவள் சித்தி இன்னும் 'பிளம்பர்' என்று சொல்வது. எதையும் விட்டுவைக்கவில்லை, தன்னையும் சேர்த்து. என்னைவிட நன்றாக நொட்டை சொல்கிற ஒருத்தியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கரூராவது ஒன்றாவது. கீழே இறங்குவதற்குள் என் பதில் தயாராகிவிட்டது.

ஆனால் கீழே பாயில் ஒருவர் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாரே! பெண்ணுக்குக் கரூர் விஷயம் அவர் வாயால் தெரிந்தால் முடிந்தது கதை. நான் சரி என்று சொல்வதற்கு அங்கே எதுவும் மிச்சம் இருக்காது.

அன்ரி சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பாத்திரங்களைக் கட்டிவைக்கும்போது, "நாளைக்கு இந்தப் பிள்ளையை நான் எக்கபெர்க் காட்டக் கூட்டிக்கொண்டு போறன். நீங்கள் ரெண்டு பேரும் எங்கையாவது போங்கோ" என்று அறிவித்தார். அண்ணன் ரயிலில் திரும்பும் வழியெல்லாம் கெஞ்சினான். "அன்ரிகிட்ட ஒழுங்காப் பேசு. ஏதாவது கேட்டா வாயைத் திறக்காதே. கரூர் எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் புரியல." எனக்குப் புரிந்தது. நான் நார்வேக்காரி மாதிரி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓஸ்லோவில் கடைகள் பூட்டியிருக்கும். ஊரே முதுகுப்பையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுகிறது. எதற்கு என்று கேட்டால், நடப்பதற்கு. நடந்து எங்கே போகிறார்கள் என்றால், திரும்பி வருகிறார்கள். ரஞ்சி அன்ரி இந்த விஷயத்தில் முழு நார்வேக்காரி. எக்கபெர்க் என்பது நகரத்துக்கு மேலே ஒரு மலைக்காடு. மரங்களுக்கு நடுவில் இங்கேயும் சிலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு வளைவில் திரும்பியதும் வெள்ளி நிறத்தில் ஒரு ஆள் காற்றில் நிற்க, "ஐயோ" என்றேன். "பயப்பிடாதேயும், அவருக்குத் தமிழ் விளங்காது" என்றார் அன்ரி.

உச்சியில் ஒரு பெஞ்சு. கீழே கடல் கை கையாக ஊருக்குள் நுழைகிறது, தீவுகள், சின்னச் சின்னப் படகுகள். நான் விழுந்த ஆப்பரா மாளிகை மடித்துவைத்த காகிதம் போலக் கிடந்தது. அந்த அழகை ஒரு நிமிஷம் ரசிக்க விட்டிருக்கலாம். அன்ரி போனை எடுத்து, ஸ்தவாங்கரில் இருக்கும் தன் தங்கையைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் பெஞ்சில் வைத்தார்.

"ஓமடி, இஞ்சைதான் பக்கத்திலை இருக்கிறா. இல்லையில்லை, நீ கதை. இந்தியாத் தமிழ்தானே, நாங்கள் கெதியாக் கதைச்சால் ஒண்டும் விளங்காது."

நான் கடலையே பார்த்தேன்.

"பெடியன் நல்ல பெடியன். ஆனா தாய்க்குப் பயம். தங்கச்சிக்கு வாய் காதுவரைக்கும். பார்த்தால் ஈர்க்குச்சி, நேற்று என்ரை இடியப்பம் முழுக்க முடிச்சது... சொதியும்தான்... ஓம், குடிச்சது, ஃப்ளாஸ்க்கோடை."

போனில் சித்தி சிரிப்பது மலை முழுக்கக் கேட்டது. "அப்ப என்னக்கா சொல்லப் போறாய்?"

"பார்ப்பம். ட்ரொண்ட்ஹெய்மிலை இருக்கிற பெடியன்ரை தாய் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா. ஒத்து வரேல்லை எண்டால் நாசூக்காக் கழட்டிவிடலாம்."

போனை வைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். நான் ஒரு பெரிய மூச்சு விட்டேன்.

"ஆன்ட்டி, ட்ரொண்ட்ஹெய்ம் பையன் நிஜமா?"

"கரூர் பிள்ளை நிஜமோ?"

"நிஜம். ஆனா அண்ணன் அந்தப் பொண்ணு போட்டோவைக்கூடப் பார்க்கலை. சண்டை வேண்டாம்னு ஆரணிகிட்ட சொல்லலை, அவ்வளவுதான்." பிறகு சொன்னேன், "ஸாரி ஆன்ட்டி. ட்ராம்ல நான் பேசினது..."

"நீர் ஏறின உடனையே எனக்குத் தெரியும், சரவணன்ரை போனிலை படம் பார்த்தனான். காருக்குள்ளை கோழிக்கும் மடக்குக் கதிரைக்கும்தான் இடம் இருந்தது, அதாலை நான் ட்ராமிலை வந்தன். பிள்ளையிட்டை வணக்கம் சொல்லுவம் எண்டு பின்னாலை வந்து இருக்கிறன், நீர் அதுக்குள்ளை தொடங்கிட்டீர்." பாதி ஆரஞ்சை என் கையில் வைத்தார். "எனக்கும் கேக்க வேணும் போலை இருந்தது. என்ரை பிள்ளையைப் பார்க்க உங்கடை வீட்டாலை உம்மை அனுப்பினவை. உங்களைப் பார்க்க நான் ஆரை அனுப்பிறது? அதுதான் நானே இருந்து பார்த்தனான்."

"பார்த்து?"

"கரூரைப் பற்றி ஆரணிக்குச் சரவணன்தான் சொல்ல வேணும், நான் சொல்ல மாட்டன். அது அவையள் பிரச்சினை." ஆரஞ்சுத் தோலைப் பைக்குள் போட்டார். "ஆனா உம்மடை அம்மா என்ன சொல்லப் போறா எண்டு தெரியாமல் நான் ஒண்டும் சொல்லேலாது. அங்கை ஒரு கதை, இஞ்சை ஒரு கதை எண்டு இருக்கிற வீட்டுக்கு என்ரை பிள்ளையை அனுப்ப மாட்டன். அதைக் கெதியாத் தெரிஞ்சுகொள்ள வேணும்."

அவர் முகத்தில் முதல் தடவையாக விளையாட்டு இல்லை. சொதி ஊற்றியபோதும் தங்கையோடு பேசியபோதும் இந்தக் கவலை அடியில் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

அன்ரி வீடு ஹவுகெட்டோவில். அண்ணனும் ஆரணியும் அங்கே வருவதாக ஏற்பாடு. மலையிலிருந்து லியாப்ரூ வரை ட்ராமில் போய், அங்கிருந்து கொஞ்ச தூரம் நடை. ட்ராமில் கூட்டம், வழக்கம் போல மயான அமைதி. நானும் அன்ரியும் பக்கத்தில் பக்கத்தில். ஏறி உட்கார்ந்ததும் என் போன் அடித்தது. அம்மா. வெட்டினேன். மறுபடி அடித்தது. வெட்டினேன்.

"எடும்" என்றார் அன்ரி. "கரூர்க்காரர் காத்துக்கொண்டிருப்பினம்."

எடுத்தேன். "அம்மா, நான் அப்புறம்..."

"என்னடி குசுகுசுன்னு பேசற? பெரியப்பா கூடத்துல உக்காந்துட்டு இருக்காரு, இப்பவே பதில் சொல்லணும். அங்கதான் யாருக்கும் தமிழ் தெரியாதே, சத்தமாச் சொல்லு. பொண்ணு எப்படி? அந்தம்மா எப்படி?"

"பொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா" என்றேன். "அந்தம்மாவை நீயே கேட்டுக்கோ." போனைத் திருப்பினேன்.

அன்ரி தொப்பியைக் கழற்றினார். "வணக்கம் அக்கா. நான்தான் அந்தம்மா."

திரையில் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொள்வது தெரிந்தது. பின்னணியில் பெரியப்பாவின் முழங்கால் மட்டும் தெரிந்தது, அதுவும் விறைப்பாக.

"சாப்டீங்களா?" என்றாள் அம்மா கடைசியில்.

"ஓம் அக்கா. நீங்கள்?"

"ஆச்சு. என் பொண்ணு அங்க ஏதாவது வாய் நீளமாப் பேசிட்டாளா?"

அன்ரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை முடிவதற்குள் இரண்டு நிறுத்தம் போயிருக்கும். "சீச்சீ. நல்ல பிள்ளை. ட்ராமிலை சத்தமே போடுறேல்லை" என்றார். பிறகு போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "அக்கா, ஒண்டு நேராக் கேக்கிறன். கரூர்க்காரருக்கு என்ன சொல்லப் போறியள்?"

அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பெரியப்பா பக்கம் திரும்பினாள். முழங்கால் எழுந்து திரையை விட்டுப் போய்விட்டது. "எங்களுக்கு ஓஸ்லோவிலேயே முடிவாயிடுச்சுன்னு இப்பவே சொல்லிடறேங்க" என்றாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களைப் பத்தித் தெரியாம இருந்தது, அதான். ஆனா ஒண்ணு, கல்யாணம் திருச்சியிலதான்."

"அதெப்பிடி அக்கா? பொம்பிளை வீடு நாங்கள். ஒஸ்லோவிலைதான்."

"சொந்தக்காரங்க அவ்வளவு பேரும் இங்கதானே இருக்காங்க!"

"எங்கடை ஆக்கள் லண்டனாலையும் வரவேணும், கனடாவாலையும் வரவேணும்!"

அன்ரியின் குரல் ஏறிக்கொண்டே போனது. அம்மாவுடையது ஏற்கெனவே மேலேதான் இருந்தது. மண்டபம், ஐயர், வெயில், குளிர், விசா, வாழையிலை எல்லாம் ட்ராமுக்குள் பறந்தன. சுற்றியிருந்த நார்வேக்காரர்கள் ஜன்னலை வெறித்துக்கொண்டு மரியாதையாக வந்தார்கள். நான் இருக்கையில் சரிந்து அன்ரியின் தொப்பியை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டேன். எப்போது எல்லாரும் இறங்கினார்கள், எப்போது ட்ராம் நின்றது, தெரியாது.

முன்பக்கம் ஓட்டுநரின் அறைக் கதவு திறந்தது. சீருடை போட்டு, நரைத்த மீசையோடு ஒருவர் கையில் காபிக் கப்புடன் எங்களை நோக்கி நடந்து வந்தார்.

"ரெண்டு ஊர்லயும் வைங்க அக்கா" என்றார், மட்டக்களப்புத் தமிழில். "இப்ப இறங்குங்க. கடைசி இடம் வந்து எவ்வளவு நேரம்!"